மூன்றாவது வீடு

கீழக்கரையில் எங்கள் தெருவில்
ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது.
நிக்காஹ் முடிந்த இரவே
பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போய்விடுவான்.
வீடு பெண்ணுக்கு.
பெண் பிறந்த வீட்டில் அஸர் தாண்டுவதற்குள்
யாராவது கேட்டுவிடுவார்கள்:
"மனை பாத்தாச்சா?"

வாப்பாவிடம் மூன்று முறை கேட்டார்கள்.
கொழும்பில் கல் யாவாரம்.
முதல் கேள்விக்கு மாடி வீடு,
இரண்டாவதற்கு ஓர் ஒற்றைத்தளம்.
மூன்றாவது நான்.
எனக்கு அஸ்திவாரம் வரை வந்தது.

ஒன்பது வருஷம் கம்பிகள் நின்றபடியே நின்றன.
உப்புக்காற்று அவற்றை
விரல் பட்டால் உதிரும் வர்க்கியாக்கியது.
பிறகு அந்த மனை
மதுரை ஆஸ்பத்திரியில்
வாப்பாவின் நெஞ்சுக்குள் மூன்று ரத்தக்குழாயானது.
நல்ல விலைதான். இன்னும் நடக்கிறார்.

பெண் பார்க்க வந்தவர்கள்
சுவரைத்தான் பார்த்தார்கள்.
பெரியபட்டினத்து முஸம்மில் மட்டும்
குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

பேங்க் லோன் என்றேன்; வட்டி என்றான்.
ஒத்தி என்றேன், மூணு லட்சம்,
முடிந்ததும் முழுசாய்த் திரும்பிவரும்.
ஆலிம்சா தாடியைத் தடவி
"அதுவும் வட்டிக்குச் சின்னம்மா மகன்தான்" என்றார்.
மிச்சமிருந்தது வாடகை.

பூட்டிக் கிடந்தது லாத்தா ஜெஸீமாவின் மாடி வீடு.
மச்சானுக்கு மண்ணடியில் இரும்புக்கடை,
அவர்கள் அங்கே இரண்டு அறையில்.
"சும்மா இரு" என்றாள் போனில்.
தமிழில் அதற்கு இரண்டு அர்த்தம்.
இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை.

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி
ஆறாயிரத்து ஐநூறு.
அவள் அதோடு எட்டாயிரம் சேர்த்து
மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடக்கூடாது என்கிற
ஒரு சேட்டுக்குக் கட்டுகிறாள்.
வீட்டுக்காரி அங்கே வாடகையில்.
வாடகைக்காரி நான் இங்கே
அவள் வளைகாப்புக்கு வாங்கிய ஊஞ்சலில்.

கல்யாண வீடுகளில்
எங்கே இருக்கிறாய் என்று எவரும் கேட்பதில்லை.
"யாரூட்டுல இருக்கே?"
பதில் சொல்வதற்குள்
பிரியாணிச் சஹன் வந்துவிடும் சில நாள்.
வராத நாளும் உண்டு.

ஆணி அடிக்கக் கேட்டுத்தான் அடிப்பேன்.
காலண்டருக்கு ஒன்று. சிரித்தாள்.
கொசுவலைக்கு இரண்டு.
"பைத்தியமா ஒனக்கு, இதுக்கெல்லாம் போனா?"
கண்ணாடிக்கு ஒன்று கேட்டபோது
சற்று நின்று சொன்னாள்:
"அந்தச் செவத்துல வேணாம்டி.
ஏங் கல்யாணத்துக்குப் பூசுனது."

அன்று முழுக்க
முஸம்மில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அழுவேன் என்று.
எனக்கோ
ரசீதில் கையெழுத்து விழுந்த மாதிரி இருந்தது.
எட்டு வருஷத்தில் முதல்தடவை
அவள் வீட்டுக்காரியாய்ப் பேசுகிறாள்.
அப்படியென்றால் என் பணம்
தங்கச்சி தரும் பணமில்லை,
வாடகை.
கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்தேன்.
இடுப்புவரைதான் தெரிகிறது. போதும்.

ஹுமைராவுக்கு ஏழு நடக்கிறது.
நல்ல தண்ணி வண்டிக்காரர்கூடக் கேட்கிறார்,
குடத்தில் குழாயை விட்டபடி,
"மகளுக்கு மனை பாத்தாச்சா?"
முஸம்மில் ஒவ்வொரு தடவையும்
சில்லறை எண்ணுகிறான்.
நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல ஒன்று இருக்கிறது,
அது வாக்கியமாக வரமாட்டேன் என்கிறது.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து
ஓட்டப்பந்தய மெடலோடு வந்தாள் ஹுமைரா.
அதை மாட்ட அவளுக்குப் பிடித்தது
அந்தச் சுவர்தான்.
போனைக் கையில் கொடுத்தேன்:
"நீயே கேளு பெரியும்மாட்ட."

கேட்டாள்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம்
மண்ணடி லாரிகளின் ஹாரன் மட்டும்.
இந்தப் பக்கம் அவள்
இஞ்சி இடிக்கும் கல்லைத் தயாராய்ப் பிடித்தபடி.

பிறகு லாத்தா கேட்டாள்,
"எத்தன இஞ்ச் ஆணி?"